சென்னையில் செய்த சிந்துபாத்

சிந்துபாத் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் எந்த டீக்கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். தினத்தந்தி கன்னித்தீவு. 1960-ல் ஆரம்பித்த படக்கதை அது. மந்திரவாதி மூசா லைலாவைச் சின்னஞ்சிறு உருவமாகச் சுருக்கிவிட்டான், அவளைப் பழையபடி மாற்றுவதற்காக சிந்துபாத் கிளம்பினான், தாத்தா காலத்தில் கிளம்பியவன் பேரன் காலத்திலும் ஊர் திரும்பவில்லை. யாராவது கதையை இழுத்துக்கொண்டே போனால் "என்னப்பா, கன்னித்தீவு மாதிரி போகுது" என்று சொல்கிற அளவுக்கு அது நம் பேச்சில் கலந்துவிட்டது.

அந்த சிந்துபாத்துக்குக் குரல் கிடையாது. அச்சில் இருப்பவனுக்கு ஏது குரல்? படிக்கிறவர் மனதில் எந்தக் குரல் ஓடுகிறதோ அதுதான் அவன் குரல்.

நான் சொல்லப்போவது இன்னொரு சிந்துபாத்தைப் பற்றி. அவனும் ஒரு வகையில் நம்ம ஊர்க்காரன்தான். ஆனால் பேசியது முழுக்க ஆங்கிலம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியான "சிந்துபாத்: பியாண்ட் தி வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ்" என்ற படம் அது. இயக்கியவர்கள் ஈவன் ரிக்ஸ், ஆலன் ஜேக்கப்ஸ். பணம் போட்டதும், அனிமேஷன் வேலையில் பெரும்பகுதியைச் செய்ததும் சென்னையைச் சேர்ந்த பென்டாஃபோர் சாஃப்ட்வேர், பின்னாளில் பென்டாமீடியா கிராபிக்ஸ் என்று பெயர் மாறிய கம்பெனி. முழுக்க முழுக்க மோஷன் கேப்சர் முறையிலேயே உருவான முதல் முழுநீளக் கணினி அனிமேஷன் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். "ஃபைனல் ஃபேன்டஸி" வந்தது 2001-ல். கொல்லம் என்கிற பாத்திரத்தை உலகமே வாய் பிளந்து பார்த்தது 2002-ல். "போலார் எக்ஸ்பிரஸ்" 2004-ல். அத்தனைக்கும் முன்னால் சென்னை.

இவ்வளவு பெரிய விஷயம் ஏன் நம் ஆட்களுக்கே தெரியவில்லை? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். நாற்பது பேரில் ஒருவர் கூடக் கேள்விப்பட்டதில்லை. ஒருத்தன் மட்டும் "பிராட் பிட் பேசினாரே, அதுவா?" என்றான். அது வேறு. டிரீம்வொர்க்ஸ் எடுத்த சிந்துபாத், 2003-ல் வந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் கதை. மந்திரவாதி பரகா ஒரு மன்னரை ஏமாற்றி ஒரு பானத்தைக் குடிக்க வைக்கிறான். குடித்ததும் இருவரும் உடல் மாறிவிடுகிறார்கள். மன்னரின் உடலில் மந்திரவாதி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான், மந்திரவாதியின் உடலில் மன்னர் மாட்டிக்கொண்டு தவிக்கிறார். விஷயம் தெரிந்த இளவரசி செரீனா ஓடிவந்து சிந்துபாத்தின் உதவியைத் தேடுகிறாள். மூடுபனித் திரைக்கு அப்பால் உள்ள உலகத்தில் மாற்று மருந்து இருக்கிறது. அதைத் தேடி ஒரு பயணம், வழியில் விசித்திர ஜந்துக்கள், நடுநடுவே சிரிப்பு.

இதைப் படித்ததும் நமக்கு என்ன தோன்றும்? "அட, கூடுவிட்டுக் கூடு பாய்தல்!" விக்கிரமாதித்தன் கதையில் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்கும் மேலே நமக்குத் திருமூலர் இருக்கிறார். இறந்து கிடந்த மூலன் என்ற இடையனைச் சுற்றி மாடுகள் கதறுவதைப் பார்த்து, அவன் உடம்புக்குள் புகுந்து மாடுகளை வீடு சேர்த்தவர். மூலனின் மனைவிதான் பாவம். வந்து நிற்பது கணவனின் உடம்பு, உள்ளே இருப்பது வேறு ஆள். அவளுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. ஊரைக் கூட்டி நியாயம் கேட்கிறாள்.

அந்தப் பெண்ணின் நிலைமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

குரல் கொடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் இன்றைக்கு மலைப்பாக இருக்கும். சிந்துபாத்தாகப் பேசியவர் பிரெண்டன் ஃபிரேசர். "ஜார்ஜ் ஆஃப் தி ஜங்கிள்" (1997), "தி மம்மி" (1999) படங்களால் உச்சத்தில் இருந்த நேரம். பிறகு பல வருடம் காணாமல் போய், "தி வேல்" படத்துக்காக 2023-ல் ஆஸ்கர் வாங்கினாரே, அதே ஆள். மந்திரவாதி பரகாவுக்குக் குரல் லெனார்ட் நிமாய். ஸ்டார் டிரெக் தொடரின் ஸ்பாக், 2015-ல் இறந்துபோனார். உணர்ச்சியே காட்டாத பாத்திரத்தால் புகழ்பெற்ற ஒருவரை வில்லத்தனம் வழியும் மந்திரவாதிக்குப் போட்டது யாருடைய யோசனையோ, நல்ல யோசனை. ஜான் ரைஸ்-டேவிஸ் ஒரு மன்னருக்குப் பேசினார். இண்டியானா ஜோன்ஸ் படங்களில் சல்லாவாக வந்தவர், அடுத்த ஆண்டே லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் குள்ள வீரன் கிம்லியாக வந்தவர். காவல்படைத் தலைவனுக்கு மார்க் ஹாமில். ஸ்டார் வார்ஸ் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கார்ட்டூன் ரசிகர்களுக்கு அவர் 1992 முதல் பேட்மேன் தொடரில் ஜோக்கராகச் சிரித்தவர். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களுக்கு அவர் முகமே மறந்துவிடும்.

இளவரசி செரீனாவுக்குப் பேசியவர் ஜெனிஃபர் ஹேல். மேலே சொன்ன மற்றவர்கள் எல்லாம் திரையில் முகம் காட்டியவர்கள். இவர் மட்டும் குரலையே தொழிலாகக் கொண்டவர். 2002-ல் வந்த இரண்டாம் சின்ட்ரெல்லா படத்தில் சின்ட்ரெல்லா இவர்தான். வீடியோ கேம் விளையாடுகிறவர்களுக்கு மாஸ் எஃபெக்ட் விளையாட்டின் பெண் கமாண்டர் ஷெப்பர்ட். என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே பெரிய ஆள் இவர்தான். போஸ்டரில் பெரிய எழுத்தில் வந்தது யார் பெயர் என்று கேட்காதீர்கள்.

சரி, இவ்வளவு குரல் வளம் இருந்தும் படம் ஏன் ஓடவில்லை? அமெரிக்காவில் விரல் விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களில் வெளியாகி, வந்த சுவடு தெரியாமல் வீடியோ கடைக்குப் போய்விட்டது. காரணம் புரிய வேண்டுமானால் மோஷன் கேப்சர் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நடிகர் உடம்போடு ஒட்டிய ஒரு உடையைப் போட்டுக்கொள்கிறார். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று மூட்டு மூட்டாகச் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். சுற்றிலும் கேமராக்கள். அவை ஆளைப் படம் பிடிப்பதில்லை, அந்த உருண்டைகள் எங்கே போகின்றன என்று மட்டும் பார்க்கின்றன. நடிகர் நடந்தால் கணினியில் புள்ளிகள் நடக்கும். அந்தப் புள்ளிகளை ஒரு எலும்புக்கூட்டோடு இணைத்து, எலும்புக்கூட்டுக்குத் தோல் போர்த்தி, துணி உடுத்தினால் சிந்துபாத் ரெடி. இந்தப் படத்துக்கு நடிகர்களின் அசைவைப் பதிவு செய்தது லாஸ் ஏஞ்சலஸில். எலும்புக்குத் தோல் போர்த்தியது நம்ம சென்னையில். (சித்தர் வேலை!)

அப்படியானால் ஒரு பாத்திரத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நடந்தவர் ஒருவர். பேசியவர் இன்னொருவர். முகம், கண், உதடு எல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அனிமேட்டர்கள் கைவேலை. ஏனென்றால் இன்றைக்கு இருப்பதுபோல முகத்தின் ஒவ்வொரு தசையசைவையும் பிடிக்கும் வசதி அன்று இந்த அளவில் இல்லை. உடம்பு நிஜ மனிதனைப் போல நழுவி நழுவி அசைகிறது. முகமோ பொம்மை. குரலோ உயிரோட்டமான ஃபிரேசர். மூன்றும் ஒட்டவில்லை. மூலன் மனைவிக்கு வந்த சந்தேகம் பார்ப்பவருக்கு வருகிறது. "இது அவர் இல்லையே!"

இதற்கு ஒரு பெயரே உண்டு. ஜப்பானைச் சேர்ந்த ரோபோ ஆராய்ச்சியாளர் மசாஹிரோ மோரி 1970-ல் எழுதிய கட்டுரையில் வருகிறது. பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன் மேல் பிரியம் கூடிக்கொண்டே போகும். ஆனால் கிட்டத்தட்ட மனிதன், ஆனால் மனிதன் இல்லை என்கிற இடத்துக்கு வந்ததும் பிரியம் சட்டென்று அருவருப்பாக விழுந்துவிடும். அந்தப் பள்ளத்தில் விழுந்தது சென்னை சிந்துபாத் மட்டும் இல்லை. கோடிக்கணக்கான டாலரைக் கொட்டி எடுத்த போலார் எக்ஸ்பிரஸைப் பார்த்தும் "கண்ணில் உயிர் இல்லை" என்றுதான் சொன்னார்கள்.

இங்கே ஷ்ரெக் படத்தை நினைத்துப் பாருங்கள். 2001-ல் வந்தது, சிறந்த அனிமேஷன் படத்துக்கான முதல் ஆஸ்கரை வாங்கியது. ராட்சசன், கழுதை, இளவரசி என்று அதுவும் தேவதைக் கதைதான், தேவதைக் கதைகளைக் கிண்டல் செய்யும் தேவதைக் கதை. அவர்கள் புத்திசாலித்தனமாக அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டார்கள். இளவரசி ஃபியோனா ரொம்பவும் நிஜமாகத் தெரிகிறாள் என்று கொஞ்சம் கார்ட்டூன்தனத்தைக் கூட்டினார்களாம். குரல் விஷயத்திலும் அவர்கள் பட்ட பாடு சொல்லத்தக்கது. ஷ்ரெக்காக முதலில் பேசியவர் கிறிஸ் ஃபார்லி. பெரும்பகுதியைப் பேசி முடித்த நிலையில் 1997 டிசம்பரில் இறந்துபோனார். பிறகு மைக் மயர்ஸ் வந்தார். முழுக்கப் பேசி முடித்துவிட்டு, "இது சரியில்லை, ஸ்காட்லாந்து உச்சரிப்பில் மறுபடி பேசுகிறேன்" என்றார். பேசவும் விட்டார்கள். குரல் மாறியதால் செய்து முடித்த காட்சிகளைத் திருத்த வேண்டியிருந்தது. செலவு எகிறியது. ஆனால் அந்தக் குரல்தான் ஷ்ரெக்.

ஹாலிவுட் அனிமேஷனில் வழக்கம் இதுதான். குரல் முதலில், முகம் பிறகு. பேசுகிறவரின் இழுவை, மூச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அனிமேட்டர் உதட்டை வரைவார். நம்ம ஊர் டப்பிங்கில் நேர் எதிர். முகம் முதலில் வந்துவிடும், அதற்குக் குரல் பொருத்த வேண்டும். உதடு மூடும் இடத்தில் ப, ம வருகிற சொல் தேட வேண்டும். ஆங்கிலத்தில் அரை நொடியில் முடிகிற வார்த்தைக்குத் தமிழில் ஒரு முழம் நீளும். அதைச் சுருக்கினால் அர்த்தம் போகும், விட்டால் உதடு மூடிய பிறகும் சத்தம் வரும். டப்பிங் வசனம் எழுதுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அது ஒரு வகை வெண்பா எழுதும் வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். தளை தட்டக்கூடாது.

இந்த வேலை நமக்குப் புதிதில்லை. ஏவி.மெய்யப்பன் கன்னட "ஹரிச்சந்திரா"வைத் தமிழில் பேச வைத்து வெளியிட்டது 1944-ல். ஒரு மொழிப் படம் இன்னொரு மொழியில் பேசியது இந்தியாவில் அதுதான் முதல் தடவை என்பார்கள். மோகன் படங்களில் நாம் கேட்டது எஸ்.என்.சுரேந்தரின் குரல். சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் சவிதா. ஒருவர் உடம்பு, இன்னொருவர் குரல் என்பதைத் தமிழ் ரசிகன் எண்பது வருடமாக ஏற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறான். பொருந்தினால் போதும்.

அதற்கும் முன்னால் தோல்பாவைக்கூத்து. அதுதான் நம்ம ஊர் முதல் அனிமேஷன் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி ஆக்கி, வெட்டி, வண்ணம் பூசிய பாவைகள். முன்னால் வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு. ராமாயணம் பத்து நாள் நடக்கும். ராமன், சீதை, ராவணன், அனுமன், கிழவி, குரங்குப்படை எல்லாருக்கும் குரல் ஒரே ஆள். அவரே பாவையை ஆட்டுவார், பாடுவார், காலால் பலகையைத் தட்டி சண்டைச் சத்தமும் எழுப்புவார். நடுவில் ராமாயணத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாத இரண்டு பேர் வருவார்கள். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். கூட்டம் வருவதே இவர்களுக்காகத்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஊர்ப் பேச்சு, ஊர் வம்பு, எல்லாம் இவர்கள் வாயில்தான் வரும். ஷ்ரெக்கில் கழுதை செய்கிற வேலையைத் தஞ்சாவூர் மராட்டியர் காலத்துக் கூத்தில் இவர்கள் செய்துவிட்டார்கள். அங்கே உடம்பும் குரலும் பிரிந்ததே இல்லை. ஒரே கை, ஒரே தொண்டை. பாவைக்கு உதடே அசையாது. ஆனாலும் யாரும் "பொருந்தவில்லை" என்று எழுந்து போனதில்லை. நிழல் நிழலாகவே இருந்ததால் நாம் அதனிடம் நிஜத்தை எதிர்பார்க்கவில்லை.

எங்க ஊர்க்காரர் ஒருவரையும் இந்த இடத்தில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பி.யு.சின்னப்பா. பெயரில் உள்ள 'பி' என்பதே புதுக்கோட்டைதான். 1940-ல் "உத்தமபுத்திரன்" படத்தில் இரட்டை வேடம் போட்டவர். 1944-ல் கோவை பட்சிராஜா எடுத்த "ஜகதலப்பிரதாபன்" பச்சையான தேவதைக் கதை. நான்கு உலகத்துப் பெண்களையும் மணந்துகொண்டு அவர்கள் சேவை செய்ய உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தன் ஆசையைச் சொன்ன இளவரசனை, அப்பா நாட்டை விட்டே ஓட வைக்கிறார். சிரிப்புக்கு என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம். அதில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடுகிறவரும் சின்னப்பா, பக்கத்தில் வாத்தியம் வாசிக்கிறவர்கள் அத்தனை பேரும் சின்னப்பா. கணினி இல்லாத காலம். ஃபிலிமின் ஒரு பகுதியை மறைத்து எடுத்து, பின்னால் சுற்றி, மறைத்த பகுதியில் மறுபடி எடுத்து என்று உயிரை விட்டுச் செய்ய வேண்டிய வேலை. "திருவிளையாடல்" (1965) படத்தில் சிவாஜி பல பேராக உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்து வியக்கிறவர்கள், இருபது வருடம் முன்னால் போய் எங்க ஊர்க்காரரையும் பார்க்கவும் :-)

போலார் எக்ஸ்பிரஸில் டாம் ஹாங்க்ஸ் அப்பா, நடத்துநர், நாடோடி, சாண்டா என்று பல வேடம். சின்னப் பையனின் உடல் அசைவில் பெரும்பகுதி கூட அவர்தான், குரல் மட்டும் டேரில் சபாரா என்ற பையனுடையது. 1944-ல் சின்னப்பாவுக்கு மறைத்த ஃபிலிம், 2004-ல் ஹாங்க்ஸுக்குப் புள்ளி ஒட்டிய சட்டை.

இப்போது நான் படிக்கிற பாடத்துக்கு வருகிறேன். பி.காம். மாணவன் ஒருவன் சினிமா பற்றி எழுதிவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் சக மாணவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பென்டாஃபோர் மாதிரி கம்பெனிகளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, வெளிநாட்டுக்காரன் வேலை தருவான், மணிக்கணக்கில் செய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்ளலாம். வருமானம் குறைவு, ஆனால் உறுதி. படம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? இன்னொன்று, நாமே பணம் போட்டு, நமக்கே உரிமையுள்ள படத்தை எடுப்பது. ஓடினால் காலம் பூராவும் காசு. ஓடாவிட்டால் முதலுக்கே மோசம். சென்னைக் கம்பெனி இரண்டாவது வழியில் துணிந்து இறங்கியது. இன்றைக்கும் இந்தியாவில் பெரும்பாலான ஸ்டுடியோக்கள் முதல் வழியில்தான் நிற்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால், அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. எடுத்துக்கொண்டிருக்கிற படத்துக்கு ஆகும் செலவு உடனே செலவாகத் தெரியாது. அது சொத்து. பாதி கட்டிய வீடு மாதிரி. படம் வெளியாகி, வருமானம் வர வர, அந்தச் சொத்து செலவாகக் கரையும். வருமானமே வரவில்லை என்றால்? ஒரு நாள் மொத்தத்தையும் நஷ்டமாக எழுதித்தான் ஆக வேண்டும். அதாவது படம் எடுத்துக்கொண்டிருக்கும் வரை புத்தகம் அழகாக இருக்கும். வெளியான பிறகுதான் உண்மை தெரியும். மந்திரவாதி மன்னர் உடம்பில் உட்கார்ந்திருப்பது போல, நஷ்டம் சொத்தின் உடம்பில் உட்கார்ந்திருக்கும். இது எந்த ஒரு கம்பெனியைப் பற்றியும் குற்றச்சாட்டு இல்லை, படத் தொழிலின் கணக்கு முறையே அப்படி.

சிந்துபாத் வந்த அதே காலம் பங்குச் சந்தையில் கேதன் பரேக்கின் காலம். அவர் விரும்பி வாங்கிய பங்குகளை கே-10 என்று அழைத்தார்கள். ஜீ டெலிஃபிலிம்ஸ், ஹெச்எஃப்சிஎல், டிஎஸ்க்யூ சாஃப்ட்வேர், சில்வர்லைன் ஆகியவற்றோடு பென்டாமீடியாவும் அந்தப் பட்டியலில் அடிபட்டது. கம்ப்யூட்டர் என்று பெயரில் இருந்தாலே பங்கு ஏறிய நாட்கள் அவை. சென்னையில் உத்தியோகம் பார்த்தவர்கள் சேமிப்பைப் போட்டார்கள், ரிடையர் ஆனவர்கள் பி.எஃப். பணத்தைப் போட்டார்கள். 2001 மார்ச்சில் எல்லாம் சரிந்தது. அகமதாபாத்தின் மாதவ்புரா கூட்டுறவு வங்கி மாட்டிக்கொண்டது. மார்ச் 30 அன்று பரேக் கைது செய்யப்பட்டார். பிறகு செபி அவரைப் பதினான்கு வருடம் சந்தைக்குள் நுழையக் கூடாது என்று தடுத்தது.

படம் ஓடாததால் பங்கு விழுந்ததா, பங்கு விழுந்ததால் அடுத்த படங்களுக்குத் தெம்பு போனதா என்று இரண்டையும் பிரித்துச் சொல்வது சிரமம். என் கருத்து, படம் ஓடாமல் போயிருந்தால் கூட நிதானமான முதலீட்டாளர்கள் இருந்திருந்தால் அடுத்த படத்தில் முகத்தைச் சரிசெய்திருப்பார்கள். தொழில்நுட்பம் முதல் முயற்சியில் கைகூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலாண்டுக்கு ஒரு தடவை விலை பார்க்கிறவனுக்கு மூன்றாவது முயற்சி வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? டிரீம்வொர்க்ஸின் சிந்துபாத் 2003-ல் வந்தது. பிராட் பிட், கேத்தரின் ஜீட்டா-ஜோன்ஸ், மிஷெல் ஃபைஃபர், ஜோசப் ஃபைன்ஸ் என்று குரல் பட்டியலே ஒரு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். பன்னிரண்டு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதோடு டிரீம்வொர்க்ஸ் கையால் வரையும் முழுநீளப் படங்களையே நிறுத்திவிட்டது. அரபுக் கதையில் சிந்துபாத்துக்கு ஏழு பயணம், போன இடமெல்லாம் கப்பல் கவிழும், ஆறாவதில் நம்ம பக்கத்து சரந்தீவுக்கே வந்து ஒதுங்குவான். கவிழ்ந்தாலும் ஒவ்வொரு தடவையும் மூட்டை நிறைய ரத்தினத்தோடு வீடு திரும்புவான். சினிமாவில் மட்டும் பாவம், கவிழ்வதோடு சரி.

பென்டாமீடியா உடனே கடையை மூடிவிடவில்லை. அதே 2000-ல் உஷா கணேசராஜா இயக்கத்தில் "பாண்டவாஸ்: தி ஃபைவ் வாரியர்ஸ்" வந்து, சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. அலிபாபா வந்தது. "சன் ஆஃப் அலாவுதீன்" (2003) படத்தை இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். ஆமாம், "அபூர்வ சகோதரர்கள்" படத்தில் கமலைக் குள்ளமாக்கியவர்தான். கன்னித்தீவு மூசாவுக்கு அடுத்தபடியாக ஆளைச் சுருக்கத் தெரிந்தவர் அவர்! 2007-ல் வெங்கி பாபு இயக்கத்தில், இளையராஜா இசையில் "இனிமே நாங்கதான்" வந்தது. முழுநீள 3டி அனிமேஷன், தமிழிலேயே. அதுவும் ஓடவில்லை. பிறகு 2014 மே மாதம் "கோச்சடையான்". சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கம். ரஜினியின் முகம், ரஜினியின் குரல், எல்லாம் சொந்தம். அப்படியும் "இது ரஜினி இல்லையே" என்று தியேட்டரில் முணுமுணுத்தார்கள். மறுபடியும் மூலன் மனைவி. அதில் நாகேஷ் வருகிறார், கவனித்தீர்களா? 2009-ல் மறைந்த நாகேஷின் முகத்தைக் கணினியில் செய்து, வேறொருவர் உடம்பையும் குரலையும் கொடுத்திருந்தார்கள். கைதட்டல் நன்றாகவே விழுந்தது. நாகேஷ் மேல் நமக்கு இருக்கும் பிரியம் அந்தப் பள்ளத்தைத் தாண்ட வைத்துவிட்டது போலும்.

இதற்கெல்லாம் நடுவே, தமிழில் அனிமேஷன் பாத்திரங்கள் உண்மையில் பேச ஆரம்பித்தது பெரிய திரையில் இல்லை, டிவியில். 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தது. என் வயதுக்காரர்களுக்கு ஜாக்கி சான் தமிழ்தான் பேசுவார். டோராவின் குரங்கு பூட்ஸ் தமிழில் புஜ்ஜி ஆனது, ஸ்வைப்பர் குள்ளநரி ஆனான். பெயர் வைத்ததில்தான் பாதி வெற்றி. ஸ்வைப்பர் என்றே விட்டிருந்தால் எந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கும்? இங்கே முகம் முழுக்க முழுக்கக் கார்ட்டூன், உதடு சும்மா திறந்து மூடும். அதனால் எந்தக் குரலும் ஒட்டிக்கொண்டது. தோல்பாவை மாதிரியே.

பெரிய கம்பெனிகளும் பிறகு இந்த வழிக்கு வந்தன. 2019-ல் "தி லயன் கிங்" தமிழில் வந்தபோது சிம்பாவுக்கு சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த்சாமி, நளாவுக்கு ஐஸ்வர்யா ராஜேஷ், பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி, ஜாஜுவுக்கு மனோபாலா. மனோபாலா 2023-லும் ரோபோ சங்கர் 2025-லும் நம்மை விட்டுப் போய்விட்டார்கள். அந்தக் காட்டுப்பன்றியையும் கீரியையும் பேச விட்டுக் கேட்டுப் பாருங்கள், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஆப்பிரிக்கா போனது போலவே இருக்கும். அதே ஆண்டு "ஃப்ரோஸன் 2". ஆண்டர்சன் எழுதிய பனி ராணி கதையில் இருந்து கிளம்பிய தேவதைக் கதை. எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன், அன்னாவுக்கு டிடி, பனிப்பொம்மை ஓலாஃபுக்கு சத்யன். போஸ்டரிலேயே பெயர் போட்டார்கள், பேட்டி எடுத்தார்கள்.

சுட்டி டிவிக்காரர்களுக்கு அந்த யோகம் இல்லை. புஜ்ஜி எப்படிப் பேசும் என்று கேட்டால் என் வகுப்பில் நாற்பது பேரும் பேசிக் காட்டுவார்கள். பேசியவர் பெயரைக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சென்னையில் உட்கார்ந்து சிந்துபாத்தின் உதட்டை ஃபிரேசர் குரலுக்கு ஏற்ப ஃப்ரேம் ஃப்ரேமாக அசைத்தவர்களின் கதியும் இதுதான். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு ஃப்ரேம்.